ஆல்ப்ஸ் மலைக்குக் கோடையில் போவதா, குளிர்காலத்தில் போவதா?

பனிச்சறுக்கு தெரியுமா? தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை என்றால் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை போங்கள். பனி பார்ப்பதற்காகத்தான் டிசம்பரில் போக நினைக்கிறீர்கள் என்றால், அதற்காகக் குளிர்காலம் வரை காத்திருக்கத் தேவையே இல்லை. சுவிட்சர்லாந்தின் பெர்னீஸ் ஓபர்லாண்ட் பக்கத்தை வைத்தே சொல்கிறேன், நான் கொஞ்சம் பழகிய இடம் அதுதான். யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்டில் ஏறினாலும் வெளியே வந்தால் பனியில்தான் கால் வைப்பீர்கள், கண்ணுக்கு எட்டியவரை அலெட்ச் பனியாறு. அதே நாள் சாயங்காலம் கீழே பள்ளத்தாக்கு ஊரான லாட்டர்புருன்னனில் அரைக்கைச் சட்டையோடு நடக்கலாம், ஜூன், ஜூலையில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பக்கத்திலேயே ட்ரும்மல்பாக், மலைக்குள்ளேயே குடைந்துகொண்டு விழும் பத்து அருவிகள், ஐகர், முன்க், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்களின் பனி உருகின தண்ணீரும் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள்.

வயதான அப்பா, அம்மா கூட வந்தால் மென்லிஷன் மலையிலிருந்து க்ளைன ஷைடெக் கணவாய் வரை நடக்கவிடுங்கள். ஒன்றரை மணி நேரம், பெரிய ஏற்றமே கிடையாது, ஐகரின் வடக்கு முகம் எதிரிலேயே வந்துகொண்டிருக்கும்.

குளிர்காலம் மோசம் என்று சொல்லவில்லை. சறுக்கத் தெரியாதவர்களுக்கும் சறுக்குவண்டி இருக்கிறது, ஃபவுல்ஹார்ன் மலையிலிருந்து கிரிண்டல்வால்ட் ஊர் வரை 15 கிலோமீட்டர் இறக்கம், ஆனால் அதற்கு முன்னால் வண்டியை இழுத்துக்கொண்டு மேலே நடக்க வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்குள் சூரியன் போய்விடும், பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே. சில நாள் கீழே ஒரே மூட்டமாக இருக்கும், மேலே பளிச்சென்று வெயில் அடிக்கும், அதனால் காலையில் மலை உச்சி கேமராவை இணையத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது ஏப்ரல், மே மாதங்களில்தான், பள்ளி விடுமுறை அப்போதுதானே. சறுக்கும் சீசன் முடிந்திருக்கும், உயரத்துப் பாதைகளில் பனி கரைந்திருக்காது, பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்கு நிறுத்தியிருப்பார்கள், ஷைனிக பிளாட்ட மலைக்கு ஏறும் ரயில் ஜூனில்தான் ஓடத் தொடங்கும். மே தவிர வழியில்லையென்றால் அருவிகளை நம்பிப் போங்கள், பனி உருகும் காலம், தண்ணீர் கொட்டும். நவம்பர் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், சுவிஸ் டிராவல் பாஸ் (குறிப்பிட்ட நாட்களுக்கு நாடு முழுக்க ரயில், பஸ்ஸில் போகும் சீட்டு) வைத்திருந்தாலும் யுங்ஃப்ராவ்யோக் இலவசம் இல்லை, வெங்கன், கிரிண்டல்வால்ட் ஊர்களுக்கு மேலே 25 சதவீதம்தான் கழிவு. டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தரும் ஹாஃப் ஃபேர் கார்டு இருந்தால் இதற்கும் பாதி விலை, கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.