லாபம் என்று தொடங்கும் எண்

ஐயா,

முரசுமோட்டையில் வயல் செய்கிறேன். சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் எவ்வளவு நெல் என்று தரம் 10 படிக்கும் என் மகளுக்கு ஒரு கணக்கு. கணினி அட்டவணையில் போட்டேன். 18446744073709600000 என்று காட்டியது. "அப்பா, இது பிழை. விடை ஒற்றை எண்ணாகத்தான் வரும்" என்கிறாள். யார் சொல்வது சரி? இந்த எண்ணில் பருமனைத் தவிரப் பார்க்க வேறு ஏதும் உண்டா?

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொல்வதுதான் சரி. முதற்கட்டத்தைத் தவிர எல்லாவற்றிலும் இருப்பது இரட்டை எண். அந்த முதல் மணி மொத்தத்தை ஒற்றையாக்கிவிடும். சரியான விடை 18,446,744,073,709,551,615. கணினி அட்டவணை 15 இலக்கங்களோடு நிறுத்தி, மிச்சத்தைப் பூச்சியமாக்கிவிட்டது. களத்தில் நெல் அளக்கும்போது "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்குவோமே, அந்த லாபத்தைத்தான் அது விழுங்கியிருக்கிறது.

பருமனைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. ஒரு நெல் 25 மில்லிகிராம் என்று வைத்தால் ஏறக்குறைய 46,000 கோடி தொன். கொட்டி வைக்க ஆயிரக்கணக்கான இரணைமடுக் குளங்கள் வேண்டும். எதை இரட்டித்துக்கொண்டே போனாலும் இப்படித்தான் வீங்கும்.

எனக்குச் சுவையாகப் படுவது அதன் உள்ளே இருப்பது. இந்த எண் இரண்டின் 64ஆம் வலுவில் ஒன்று குறைந்தது. மகள் படித்திருக்கும் இரு வர்க்கங்களின் வித்தியாசத்தைக் கொண்டு அதைப் பிளக்கலாம். வரும் துண்டுகளில் சிறியதை மறுபடியும் பிளக்கலாம். கடைசியில் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297

ஒவ்வொரு துண்டும் இரண்டின் ஒரு வலுவோடு (முறையே 1, 2, 4, 8, 16, 32ஆம் வலு) ஒன்றைக் கூட்டியது. முதல் ஐந்தும் முதன்மை எண்கள், அதாவது ஒன்றாலும் தம்மாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை. 1640ஆம் ஆண்டளவில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் (தொழிலால் சட்டத்துறைக்காரர், கணிதம் ஓய்வுநேரத்து வேலை) இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் முதன்மை எண்களே என்று நம்பினார். ஆறாவதிலேயே அது உடைந்தது. 1732இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் அதை 641 × 6,700,417 என்று பிரித்துக் காட்டினார்.

641ஐ எப்படிப் பிடிப்பது? ஆறாவது எண்ணுக்கு முதன்மைக் காரணி இருந்தால், அது 64இன் ஏதாவது ஒரு மடங்கைவிட ஒன்று கூடியதாக இருந்தே தீரும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அந்த வகை முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவது வகுத்தலிலேயே அகப்பட்டுவிடுகிறது! கையால் வகுத்துப் பார்க்கலாம், ஒரு மாலைப் பொழுது போதும்.

வகுக்காமலும் காட்டலாம். 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16உம்கூட. ஆகவே 640ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். 640இன் நான்காம் வலுவுக்கு மீதி 1. அந்த நான்காம் வலுவை 625 × 2²⁸ என்று எழுதி, 625க்குப் பதிலாக −16ஐப் போடச் சொல்லுங்கள். எஞ்சிய ஒரு வரியை உங்கள் மகளே எழுதிவிடுவாள்.