கிரீனுக்கு அருகில் எந்த ஷாட்? கிளப்பைக் கடைசியில் எடுங்கள்

கேள்வி: கோல்ஃப் ஆடத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. கிரீனுக்கு (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பரப்பு) 30 கெஜத்துக்குள் வந்துவிட்டால் எல்லா இடத்திலும், முகம் நன்றாகச் சாய்ந்த 56 டிகிரி சாண்ட் வெட்ஜைத்தான் எடுக்கிறேன். ஒரு தடவை மண்ணைக் கிண்டிவிட்டுப் பந்து பாதியில் நிற்கிறது. அடுத்த தடவை பந்தின் வயிற்றில் பட்டு, கிரீனைத் தாண்டி ஓடிவிடுகிறது. எந்த இடத்தில் எந்த ஷாட் என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு தவறுகளுக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். பந்து எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே கிளப் கைக்கு வந்துவிடுகிறது.

சாண்ட் வெட்ஜின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். முன் விளிம்பைவிடப் பின்பகுதி தாழ்ந்து புடைத்திருக்கும். அதைத்தான் பவுன்ஸ் என்கிறார்கள். பல சாண்ட் வெட்ஜ்களில் அது 10 முதல் 14 டிகிரி வரை இருக்கும். மணலிலும் மெத்தென்ற புல்லிலும் கிளப் புதையாமல் வழுக்கிச் செல்ல அது உதவும். புல் தேய்ந்து மண் தெரியும் இறுகிய தரையில் அதே புடைப்பு பட்டுத் தெறித்து, முன் விளிம்பு உயர்ந்து பந்தின் வயிற்றில் மோதுகிறது. உங்கள் பந்து கிரீனைத் தாண்டி ஓடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அப்படிப்பட்ட தரையில், முகச் சாய்வு அதைவிடக் குறைந்த பிட்சிங் வெட்ஜோ 9 அயர்னோ எடுங்கள். நடுவில் மேடு பள்ளமோ நீண்ட புல்லோ இல்லையென்றால், பந்தைத் தரையோடு உருட்டும் பட்டரே போதும். கிரீனுக்கு வெளியே பட்டர் எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுமாராக அடித்த பட்கூட, சுமாராக அடித்த சிப்பைவிட (தாழப் பறந்து பிறகு உருளும் சிறு அடி) அநேகமாகக் கொடிக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

பந்து நல்ல புல்லின் மேல் உட்கார்ந்திருந்தால் அடுத்தது விழுமிடம். கிரீனுக்குள் ஒரு தப்படி தள்ளி, சமமான ஓர் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். பந்திலிருந்து அந்த இடம் வரை எத்தனை தப்படி, அங்கிருந்து குழி வரை எத்தனை தப்படி என்று நடந்தே எண்ணுங்கள். இதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 12-லிருந்து கிளப் எண்ணைக் கழித்தால், பறக்கும் தூரத்தைப் போல எத்தனை மடங்கு பந்து உருளும் என்பது கிடைக்கும். 8 அயர்னுக்கு நான்கு மடங்கு, 9 அயர்னுக்கு மூன்று. பிட்சிங் வெட்ஜை 10 என்று வைத்தால் இரண்டு, சாண்ட் வெட்ஜை 11 என்று வைத்தால் ஒன்று.

பந்து கிரீன் ஓரத்திலிருந்து 3 தப்படி வெளியே, கொடி 16 தப்படி உள்ளே என்று வைத்துக்கொள்வோம். 4 தப்படி பறந்து 15 உருள வேண்டும். ஏறக்குறைய நான்கு மடங்கு, 8 அயர்ன். அதே இடத்திலிருந்து கொடி 5 தப்படிதான் உள்ளே என்றால் 4 பறந்து 4 உருள வேண்டும். அப்போதுதான் உங்கள் 56 டிகிரிக்கு வேலை. இந்தக் கணக்கு நடுத்தர வேகமுள்ள சமதளக் கிரீனுக்கானது. குழி ஏற்றத்தில் இருந்தால் ஒரு கிளப் குறைந்த லாஃப்டுக்கும் (முகச் சாய்வு), இறக்கத்தில் இருந்தால் ஒரு கிளப் கூடுதல் லாஃப்டுக்கும் மாறுங்கள். இன்றைய செட்டுகளில் பிட்சிங் வெட்ஜே 44 டிகிரிக்கு வந்துவிட்டது. பழைய 48 டிகிரியைவிட அது கூடுதலாக உருட்டும். ஆகவே உங்கள் கிளப்பின் லாஃப்டைத் தெரிந்துகொண்டு கணக்கைச் சரிசெய்யுங்கள்.

சிப்புக்கு நிற்கும் விதம் (வலக்கை ஆட்டக்காரருக்கு): பாதங்கள் ஒரு சாண் இடைவெளியில், எடையில் 60 முதல் 70 சதவீதம் இடது காலில், பந்து நடுவில் அல்லது அதற்குச் சற்று வலப்புறம், கைகள் பந்துக்குக் கொஞ்சம் முன்னால். மணிக்கட்டை மடக்காமல், பட் அடிப்பது போலத் தோளால் ஆட்டுங்கள். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று எடையை வலது காலுக்குச் சாய்த்தால், கிளப் பந்துக்கு முன்பே தரையைத் தொட்டுவிடும். நீங்கள் மண்ணைக் கிண்டுவது பெரும்பாலும் இதனால்தான். தூக்கும் வேலை லாஃப்டுடையது.

இடையில் பங்கரோ (மணல்குழி) பள்ளமோ இருந்து, கிரீனில் உருள இடமும் குறைவு என்றால், உயரப் பறந்து குறைவாக உருளும் பிட்ச் ஆட வேண்டும். பந்து நடுவில், மணிக்கட்டு மடங்கலாம், உடம்பும் சேர்ந்து திரும்ப வேண்டும். பின்னால் பெரிதாக எடுத்துவிட்டுப் பயந்து, பந்தருகே வேகத்தைக் குறைப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. பின்வீச்சைச் சிறிதாக்கிக்கொண்டு வேகத்தைக் கூட்டியபடி அடியுங்கள். கிளப்பின் முகத்தை மல்லாத்திப் பந்தை வானத்துக்கு அனுப்பும் ஃப்ளாப் ஷாட், பந்துக்கு அடியில் மெத்தென்ற புல்லும், வேறு வழியே இல்லாத நிலையும் சேர்ந்தால் மட்டும்.

வெப்பமான ஊர்களின் மைதானங்களில் பரவலாக இருக்கும் பெர்முடா புல், நம் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும்தான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். உங்களிடமிருந்து பார்க்கும்போது பளபளப்பாகத் தெரிந்தால், புல் உங்களுக்கு அப்பால் சாய்ந்திருக்கிறது. பந்து அதிகம் உருளும். கருத்து மங்கலாகத் தெரிந்தால் எதிராகச் சாய்ந்திருக்கிறது. எதிர்ப்புல்லில் வெட்ஜின் முன் விளிம்பு மாட்டிக்கொள்ளும் என்பதால் 8 அயர்ன் சிப்போ பட்டரோ பாதுகாப்பானது. ரஃபில், அதாவது வெட்டாமல் வளரவிட்ட நீண்ட புல்லில், பந்து அமிழ்ந்திருந்தால் சுழற்சியை எதிர்பார்க்காதீர்கள். முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல் புகுந்துவிடும். புல் கிளப்பின் கழுத்தைப் பற்றி முகத்தை மூடவும் பார்க்கும். பிடியை இறுக்கி, முகத்தைச் சற்றுத் திறந்து, பங்கரில் ஆடுவது போல ஆடுங்கள்.

பங்கரில் 56 டிகிரிதான் சரியான கிளப். முதலில் முகத்தைத் திறந்து, பிறகு பிடியுங்கள். பிடித்த பின் கையைத் திருகினால் அடிக்கும்போது முகம் பழையபடி மூடிவிடும். பந்து இடது குதிகாலுக்கு நேராக, பாதங்கள் மணலில் கொஞ்சம் பதிந்து இருக்கட்டும். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் நுழைந்து, நிறுத்தாமல் முழுதாக வெளியே வாருங்கள். மணலைத்தான் அடிக்கிறோம் என்பதால், அதே தூரத்துக்குப் புல்லில் ஆடுவதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய வீச்சு வேண்டும். பந்து பாதி புதைந்திருந்தால் முகத்தைத் திறக்காமல் செங்குத்தாக இறக்குங்கள். வெளியே வந்தபின் நிறைய உருளும், அதற்கு இடம் விடுங்கள். மழைக்குப் பின் இறுகிய மணலில் பவுன்ஸ் தெறிக்கும். அங்கே பிட்சிங் வெட்ஜ் நல்லது. சுவரோடு ஒட்டிக்கொண்டு ஆடவே முடியாத பந்தை, 2019 விதிகளின்படி இரண்டு தண்டனை ஸ்ட்ரோக்குடன் பங்கருக்கு வெளியே டிராப் செய்யலாம் (கையிலிருந்து கீழே விட்டு ஆடலாம்).

பயிற்சிக்கு ஒரு சிறு துண்டை கிரீனில் விரித்து, 4 தப்படி தள்ளி நின்று 8 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ் மூன்றிலும் பத்துப் பத்துப் பந்துகளை அதன் மேல் விழ வையுங்கள். ஒவ்வொன்றும் துண்டிலிருந்து எத்தனை தப்படி உருண்டது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மடங்குகளைவிட, உங்கள் மைதானத்தில் நீங்களே எண்ணிய அந்த மூன்று எண்கள் கூடுதலாகக் கைகொடுக்கும்.