நான்காவது படிவம்

வணக்கம் ஐயா,

உளவியல் ஆய்வாளராக உங்கள் அன்றாடம் பற்றி நீங்கள் எழுதிவருவதை வாசிப்பவள் நான். இன்று கோபத்தோடு எழுதுகிறேன். எங்கள் வீடு கொடிகாமத்தில். அண்ணன் 2009இல் காணாமற்போனார். அதன் பிறகு அம்மாவிடம் படிவத்தோடு வந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். நான்கு தரம். நித்திரை வருகிறதா, பசிக்கிறதா, எதிலும் விருப்பமில்லாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தரமும் அதே கேள்விகள். வருகிறவர்கள் நல்ல பிள்ளைகள்தான். அம்மாவும் தேநீர் கொடுத்து, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி அனுப்புவார். அவர்கள் போன பிறகு இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கமாட்டார். அவர்களுக்குப் பட்டம் கிடைத்திருக்கும். அம்மாவுக்கு என்ன கிடைத்தது? அவர்கள் கொடுத்துவிட்டுப் போன ஒற்றைகளைக்கூட அண்ணனின் காகிதங்களோடு தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். ஒரே கேள்வியை எத்தனை தரம்தான் கேட்பீர்கள்? இனி யாராவது வந்தால் முடியாது என்று சொல்லலாமா?

கொடிகாமத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கோபத்தைத் தணிப்பதற்காக இதை எழுதவில்லை. அந்த நால்வரில் நான் இல்லை. வேறு பல வீடுகளில் அந்த ஆள் நான்தான்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அம்மாவிடம் கேட்கப்பட்டது அநேகமாக பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவமாக இருக்க வேண்டும். மனச்சோர்வை அளப்பதற்காக அமெரிக்காவில் உருவாக்கி 2001இல் வெளியிட்டார்கள். கடந்த இரண்டு கிழமைகளை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ‘இல்லவே இல்லை’ என்றால் பூச்சியம், ‘அநேகமாக ஒவ்வொரு நாளும்’ என்றால் மூன்று. கூடியது மொத்தம் 27 புள்ளி. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வழக்கம். காசு கொடுக்காமல் பாவிக்கலாம், உலகம் முழுவதும் பாவிக்கிறார்கள், ஆகவே ஓரிடத்து முடிவை இன்னோரிடத்தோடு ஒப்பிடலாம். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆனால் ஒரே அம்மாவிடம் திரும்பத் திரும்ப வருவதற்கு அது காரணமாகாது. அங்கே எங்கள் சோம்பல்தான் காரணம். மாணவருக்கு இருப்பது ஒரு வருடம். அதில் பாதி அனுமதி எடுப்பதிலேயே போய்விடும். கிராம சேவகரிடமோ முன்பு அங்கே போய்வந்த மாணவரிடமோ ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கும். எந்த வீட்டுப் படலை திறக்கும், எங்கே நாய் கடிக்கும் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். அடுத்த வருடம் இன்னொருவர் அதே பட்டியலோடு புறப்படுவார். உங்கள் அம்மா நல்ல மனத்தோடு படலையைத் திறந்தார். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

என் வேலைநாளின் பெரும்பகுதி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மேசைக்கு முன்னால் கழிகிறது. விடைத்தாள் திருத்துவேன், கூட்டங்களில் குந்தியிருப்பேன், மிஞ்சிய நேரத்தில் சொற்களோடு மல்லுக்கட்டுவேன். ஒருமுறை தமிழ்நாட்டில் தயாரித்த ஒரு படிவத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தோம். ‘வருத்தமாக இருந்தீர்களா?’ என்று ஒரு கேள்வி. அச்சுவேலியில் ஒரு பெரியவர், “ஓம் தம்பி, போன கிழமை முழுக்கக் காய்ச்சல்” என்றார். நம் ஊரில் வருத்தம் என்றால் நோய் அல்லவா? அதேபோல ‘யோசித்தல்’ அங்கே சும்மா சிந்திப்பது. இங்கே அது நித்திரையைக் கெடுக்கிற கவலை. ‘யோசிக்க வேண்டாம்’ என்று ஒருவர் நமக்குச் சொல்வது ஆறுதல்.

இப்படியான பிழைகளைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பிரிஸ்லின் என்ற ஆய்வாளர் 1970இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது எங்கள் துறையில் வழமையாகிவிட்டது. நல்ல வழிதான். ஆனால் மறுபடி ஆங்கிலமாக்குகிறவர் அச்சுவேலிக்காரராக இருந்தால்தான் அந்தக் காய்ச்சல் பிடிபடும். சென்னைத் தமிழ் தெரிந்தவரிடம் கொடுத்தால் கேள்வி பழுதில்லாமல் திரும்பி வந்துவிடும்.

சொற்கள் சரியானாலும் முடிவதில்லை. ஏழாவது கேள்வி, பத்திரிகை வாசிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது போன்றவற்றில் மனத்தை நிறுத்த முடியாமல் இருக்கிறதா என்று கேட்கும். வடமராட்சியில் ஒரு அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் “ஒவ்வொரு நாளும்” என்றார். என்னோடு வந்த மாணவி மூன்றில் வட்டம் போட்டாள். எனக்கு ஏதோ இடித்தது. “ஏனம்மா?” என்று கேட்டேன். அவர் எழும்பிப் போய், மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். ஒரு பக்கக் காது முறிந்து, அந்த இடத்தில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது. மற்றப் பக்கத்தில் கண்ணாடியே இல்லை. மாணவி அழிறப்பரை எடுத்தாள். எங்கள் தரவுக் கோப்பில் எத்தனை மூன்றுகள் இப்படி உடைந்த கண்ணாடிகளோ என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் அர்த்தத்தில்தான்.

இன்னொரு வருடம் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் களத்துக்குப் போனோம். இருபத்தைந்து நாள் விழா, நாங்கள் கேட்பதோ கடந்த இரண்டு கிழமையைப் பற்றி. பசி குறைந்ததா என்றால், குறைந்தது, விரதம். விடியப்புறம் நித்திரை கலைகிறதா என்றால், கலைகிறது, ஒலிபெருக்கி. யாழ்ப்பாணமே மனச்சோர்வில் கிடக்கிறது என்று எழுதியிருக்கலாம். தரவு அப்படித்தான் சொன்னது. அந்தத் தொகுதியை ஒதுக்கிவைத்துவிட்டு, ஐப்பசியில் மழைக்குள் மறுபடி போனோம்.

கேள்வி ஒருமையில் இருக்கும், பதில் பன்மையில் வரும். ‘உங்களுக்கு நித்திரை எப்படி?’ என்றால் ‘எங்களுக்கு எங்கே நித்திரை?’ என்பார்கள். படிவத்தில் அந்த ‘எங்களுக்கு’ எழுதக் கட்டம் இல்லை. மனநல மருத்துவரான பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட கட்டுரையில் வடபகுதியின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதினார். காயப்பட்டது தனித்தனி ஆட்கள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்துதான் என்பது அதன் சாரம். நாங்கள் எல்லோரும் அதை மேற்கோள் காட்டுகிறோம். காட்டிவிட்டு, மறுபடி ஒருவர் ஒருவராகத்தான் எண்ணுகிறோம்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘உங்கள் பெயர் எங்கும் பதியப்படமாட்டாது’ என்று முதலில் வாசித்துக் காட்டுவோம். பதில் சொல்கிறவரைப் பாதுகாக்கிற விதி அது, உலகம் முழுக்க உள்ளது. இந்த மண்ணில் எத்தனை விதமான ஆட்களுக்கு முன்னால் சனம் கையெழுத்து வைத்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால், தேவையானதும்கூட. ஆனால் மகனைத் தேடுகிற ஒரு தாய் அதைக் கேட்டுவிட்டு, “என்ர பெயரை விடுங்கள், அவன்ர பெயரையாவது எழுதுங்கள்” என்றார். காணாமற்போன பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, கிளிநொச்சியில் 2017 மாசியில் கொட்டகை போட்டு இருக்கத் தொடங்கிய தாய்மார் கையில் பிடித்திருந்ததும் படமும் பெயரும்தான். பெயரை மறைப்பதையே மரியாதை என்று படித்த நான் அவருக்கு என்ன சொல்வது? என் சொந்தக் குறிப்பேட்டில் அந்தப் பெயரை அவர் பார்க்க எழுதினேன். விதிப்படி அது பிழை. செய்தேன்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் அந்த இரண்டு நாள் மௌனம். ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்ததா என்பது. அதைக் கேட்கப் போகிறவருக்கு, ‘ஓம்’ என்று பதில் வந்தால் அன்றைக்கே என்ன செய்ய வேண்டும், யாரிடம் கூட்டிப்போக வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆய்வுக்கு அனுமதி கொடுக்கிற நெறிமுறைக் குழு அதைக் கேட்டு வாங்கும். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் வாய் திறக்காமல் இருக்கிறவரைப் பற்றி எந்தக் குழுவும் கேட்பதில்லை. அடுத்த நாள் ஒரு தொலைபேசி அழைப்பாவது வந்திருக்க வேண்டும். நால்வரும் எடுக்கவில்லை என்றால் அது எங்கள் கற்பித்தலின் குறை. மௌனம் நாள்கணக்கில் நீண்டால் காத்திருக்க வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் கதைக்கலாம்.

அம்மாவுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு, நேரடியாக ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மையான பதில். ஆய்வு வைத்தியம் அல்ல. அப்படி ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு யாராவது கேட்டிருந்தால் அது ஏமாற்று. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கிற கூட்டத்தில் ‘சனம் மனமுடைந்து கிடக்கிறது’ என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘இத்தனை வீட்டில் இத்தனை பேர்’ என்றால்தான் பேனையை எடுப்பார்கள். அந்த எண்ணில் அம்மாவும் ஒருவர். இதைச் சொல்லி அவருடைய தேநீர்க் கடனைத் தீர்த்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

நானே கடன்காரன். முன்பு ஒரு ஆய்வில், முடிவை இரண்டு பக்கத் தமிழில் எழுதிக் கொண்டுவந்து தருவோம் என்று வீடுவீடாகச் சொன்னோம். ஆங்கிலக் கட்டுரையை மூன்று சஞ்சிகைகள் திருப்பி அனுப்பின. நான்காவது ஏற்றுக்கொண்டு டொலரில் கட்டணம் கேட்டது. 2022இல் டொலர் எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். பகலில் மின்சாரம் இல்லை, இரவில் தரவு பார்த்தோம். இதெல்லாம் சாட்டு. இரண்டு பக்கம் எழுத டொலரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். மூன்று வருடம் கழித்துக் கொண்டுபோனபோது, இரண்டு வீடுகளில் எங்களுக்குப் பதில் சொன்னவர் உயிரோடு இல்லை. ஒரு வீட்டில் மருமகள் வாங்கி, வாசிக்காமலே சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

இனி வந்தால் முடியாது என்று தாராளமாகச் சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பாதியிலும் நிறுத்தலாம், தேநீர் கொடுத்த பிறகும் நிறுத்தலாம். வருகிற பிள்ளை முகம் வாடினால் வாடட்டும்.

அந்தத் தகரப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். அவர்கள் கொடுத்த ஒற்றைகளின் அடியில் ஆய்வாளரின் பெயரும், நெறிமுறைக் குழுவின் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். அழைத்து, இந்த ஆய்வின் முடிவு எங்கே, தமிழில் தாருங்கள் என்று கேளுங்கள். நால்வரிடமும் கேளுங்கள். அம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது.