சுவர் இறங்கி முடிவதற்குள் குடிபோகலாமா?

அன்புத் தங்கைக்கு,

மதுரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு இலங்கை மலையகத்து டிக்கோயாவுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன என்றும், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே 20 பேர்ச்சஸ் (நம் ஊர்க் கணக்கில் பன்னிரண்டரை சென்ட்) காணியை விலைபேசியிருக்கும் உங்கள் கணவர் அதில் முழுமரங்களை அடுக்கி வீடு கட்ட ஆசைப்படுகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அது ஓராண்டில் முடியுமா, முடியும்வரை வாடகை வீட்டிலேயே இருந்துவிடலாமா, காணியில் உங்கள் பெயரையும் சேர்க்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். நானும் உங்களைப் போல் கடல்தாண்டி வந்த மருமகள்தான். 2004-இல் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து வந்தேன். இதே நீர்த்தேக்கத்தின் மறுகரையில் எங்கள் மரவீட்டை 2016-இல் தொடங்கி, 2019-இல் குடிபுகுந்து, 2024-இல் ஏறக்குறைய முடித்தோம். ‘ஏறக்குறைய’ என்பதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பெயர் சேர்க்கும் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும்வரை உங்கள் பெயரில் இங்கே காணியை விலைக்கு வாங்க முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியை விற்பதைத் தடுக்கிறது. அதிகபட்சம் 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான் இடமுண்டு. கணவரிடமிருந்து வாரிசாக வருவதை அச்சட்டம் தடுக்கவில்லை. இலங்கைக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பதையும் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வீட்டை மனைவி பெயரில் எழுதி வைப்பது ஒரு பெருமை. இங்கே அந்தப் பெருமையை நானும் இருபது ஆண்டுகளாக ஒத்திவைத்திருக்கிறேன்.

உறுதி, அதாவது காணிப் பத்திரம், யார் பெயரில் இருந்தாலும், அது சின்னக்கரக் காணிதானா, அதாவது முழு உரிமையுள்ள தனியார் காணிதானா என்று பாருங்கள். மலையகத்தில் தேயிலைக் காணியின் பெரும்பகுதி அரசுடையது. கம்பனிகளிடம் இருப்பது குத்தகைதான். தோட்டத்து ஓரத்தில் யாரோ வேலியடைத்து விற்கும் துண்டை வாங்கிவிட்டு உறுதிக்காக அலைபவர்கள் இங்கே ஏராளம். காணி நீரோரத்தில் இருந்தால் இன்னொன்றும் உண்டு. மாசி, பங்குனியில் போய்க் கரையைப் பார்த்து அளவு போட்டுவிடாதீர்கள். அப்போது தண்ணீர் வெகுவாக வற்றி, செம்மண் கரை படிப்படியாகத் தெரியும்; இவ்வளவு இடம் இருக்கிறதே என்று மனம் மயங்கும். பக்கத்து மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் 1969-இல் கட்டி முடிக்கப்பட்டபோது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில், நீர் வற்றும் ஆண்டுகளில் இன்றும் வெளியே வந்து நிற்கிறது. தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி எங்கள் குடும்பத்தோடு நீலகிரிக்கு அனுப்பப்பட்ட என் பாட்டி, சிறுவயதில் அங்கே கும்பிட்டதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே நிரம்பிய மட்டம் எது, அதற்கு மேல் நீர்த்தேக்கத்துக்கென ஒதுக்கிய நிலம் எதுவரை என்பதை, அனுமதி பெற்ற நில அளவையாளரை வைத்து முளையடித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நுவரெலியா மாவட்டத்தில் வீடு கட்ட, பிரதேச சபைக்கு விண்ணப்பிக்கும் முன்பே, மண்சரிவு குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற வேண்டும். சிலர் இதை வீண் அலைச்சல் என்பார்கள். எங்கள் காணியில் வீட்டுக்கு நாங்கள் தேர்ந்திருந்த இடத்தை அவர்கள் ஏற்கவில்லை. மேட்டை வெட்டிச் சமப்படுத்தாமல், நாற்பது அடி தள்ளிக் கருங்கல் தூண்களின்மேல் கட்டச் சொன்னார்கள். நீர்த்தேக்கம் நேராகத் தெரியும் காட்சி போயிற்று, பக்கவாட்டில்தான் தெரிகிறது. அடுத்த இரண்டாம் மழைக்காலத்தில் முதலில் நாங்கள் பார்த்த இடத்தின் மேல்வரம்பு ஒரு லொறி மண்ணளவுக்குச் சரிந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, காட்சியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இனி மரம். இங்கே ‘சவுக்கு’ என்று யாராவது சொன்னால் நம் ஊர்க் கடற்கரைச் சவுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலைக்கு நிழலுக்காக நடப்படும் கிரேவிலியாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது தளபாடத்துக்கு நல்லது. சுவருக்கு நாங்கள் எடுத்தவை கீழ் இரண்டு வரிசைக்கு யூக்கலிப்டஸ், அதற்கு மேல் பைனஸ், கதவு நிலைகளுக்குச் சைப்பிரஸ். வெட்டுவதற்கும் லொறியில் ஏற்றுவதற்கும் எந்த மரத்துக்கு எந்த அனுமதிப்பத்திரம் தேவை என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டுக் கையில் வைத்துக்கொண்ட பிறகே பேரம் பேசுங்கள். பட்டையை உரித்து, ஈரம் இருக்கும்போதே போரக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பூசி, தகரக் கொட்டகையில் பதினான்கு மாதம் காயவைத்தோம். இந்த மருந்து பூச்சியையும் கறையானையும் தடுக்கும், ஆனால் மழை பட்டால் கரைந்து போகும். அதனால்தான் கூரையைச் சுவருக்கு வெளியே நான்கடி நீட்டினோம். வைகாசியிலிருந்து புரட்டாசிவரை தென்மேல் பருவமழை சாய்ந்து அடிக்கும் ஊரில் மரவீட்டுக்குக் குடை பெரிதாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட ஓராண்டு ஏன் போதாது என்பதற்கு விடை மரம் காயும் விதத்தில் இருக்கிறது. மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்குகிறது. நட்டுவைத்த தூணின் உயரம் அப்படியே இருக்கும், படுக்கவைத்து அடுக்கிய மரங்களோ ஒவ்வொன்றும் சிறிது மெலிய, சுவர் முழுவதும் கீழே இறங்கும். பச்சை மரத்தில் கட்டுபவர்கள் அடிக்கு முக்கால் அங்குலம் என்று கணக்கு வைப்பார்கள், அதாவது எட்டடிச் சுவருக்கு ஆறு அங்குலம். எங்கள் மரம் ஓரளவு காய்ந்திருந்ததால் இரண்டரை அங்குலத்தோடு நின்றது. கூரை ஏறிய 2018 தைப்பொங்கலன்று முன்வாசல் நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு பொங்கலுக்கும் மேல்மரத்தின் அடிவிளிம்பு எங்கே நிற்கிறது என்று குறித்துவந்தோம். முதல் ஆண்டு ஒன்றேகால் அங்குலம், இரண்டாம் ஆண்டு முக்கால், மூன்றாம் ஆண்டு அரை. அதற்குப் பிறகு போட்ட கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தடித்துவிட்டன.

இப்படி இறங்கும் சுவரோடு எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது. ஒவ்வொரு கதவுக்கும் சன்னலுக்கும் மேலே இடைவெளி விட வேண்டும். நிலையைச் சுவரில் ஆணியடிக்காமல், மரங்களின் முனையில் வெட்டிய காடியில் ஒரு சட்டத்தைச் செருகி, அதில் பொருத்த வேண்டும். அப்போதுதான் நிலை நிற்க, சுவர் அதை உரசிக்கொண்டு கீழே நழுவும். இஸ்தோப்பின் தூண்கள் இறங்காதவை என்பதால், அவற்றின் அடியில் திருகு ஜாக்கி வைத்து அவ்வப்போது தளர்த்திக்கொண்டே வர வேண்டும். (இஸ்தோப்பு என்றால் திண்ணை போன்ற முன்புறம். இந்தச் சொல் உங்கள் வாயில் ஏறிவிட்டால் பாதி மலையகத்தார் ஆகிவிட்டீர்கள்.) எங்கள் ஜாக்கிகளை ஹட்டனில் லொறி திருத்தும் பட்டறையில் செய்தோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என் கணவர் ஸ்பேனரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கால் சுற்றாக எண்ணித் திருகுவார். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது.

இதை மறந்ததால் பட்ட பாட்டையும் சொல்கிறேன். 2018-இல் நான் அம்மாவைப் பார்க்கக் கூடலூர் போயிருந்த நேரத்தில், சமையலறைச் சுவர் கட்ட வந்த பாஸ் (இங்கே கொத்தனாரை அப்படித்தான் அழைப்பார்கள்), பின்வாசல் நிலைக்கு மேலே மூன்று அங்குல இடைவெளியைப் பார்த்திருக்கிறார். தச்சர் விட்ட குறை என்று எண்ணி, கூலி கேட்காமலேயே, கல்லும் சீமெந்தும் வைத்து அழகாக அடைத்துக் கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர், இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறார். மறு ஆண்டு ஆடியில் கதவு திறக்கவில்லை. நிலைக்கு மேலே ஓடிய மரம் அந்தச் சீமெந்தின்மேல் உட்கார்ந்துகொள்ள, அதற்குக் கீழே இருபுறமும் இருந்த மரங்கள் தம் போக்கில் இறங்கிவிட்டன. நடுவில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்து, சாரல் நேராக மெத்தைக்கே வந்தது. இரண்டு நாள் உளியால் கொத்தினோம். கடைசிக் கல்லை இழுத்தபோது உடனே ஒன்றும் நடக்கவில்லை. அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் சுவருக்குள் யாரோ தும்மியது போல ஒரு சத்தம் கேட்டது. விளக்கை எடுத்துப்போய்ப் பார்த்தால் மரம் ஒரு கட்டைவிரல் அகலம் இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. இப்போது அந்த இடைவெளியில் தேங்காய்த் தும்பை, அதாவது நாரை, அடைத்து, மேலே மட்டும் ஆணியடித்த ஒரு பலகையால் மறைத்திருக்கிறோம். யார் வேலைக்கு வந்தாலும் முதலில் அந்தப் பலகையைக் காட்டிவிட்டுத்தான் தேநீர் கொடுக்கிறேன்.

ஆகவே வாடகை வீட்டிலிருந்து எப்போது மாறுவது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: கூரை, கழிப்பறை, ஒரு சமையலறை, பூட்டக்கூடிய ஒரு கதவு ஆகியவை ஆனதும் போய்விடுங்கள். முழுவதும் முடித்துவிட்டுக் குடிபோகிறவர்கள், சுவர் இறங்கி முடிவதற்கு முன்பே உட்பலகையும் அலமாரியும் தரையோர விளிம்புக் கட்டையும் அடித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். இருந்துகொண்டே முடித்தால் எந்தச் சன்னலில் சாரல் அடிக்கிறது, எந்த மூலையில் பனிக்காலத்து ஈரம் தங்குகிறது என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். நாங்கள் இரண்டு ஆண்டுகள் உட்கூரையின்றித் தகரத்தின் அடியில் படுத்தோம்; பெருமழை இரவுகளில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசவும் கத்த வேண்டும். 2020-இல் ஊரடங்கு, 2022-இல் எரிபொருளும் சீமெந்தும் இல்லாத காலம். லொறியே வராத அந்த மாதங்களில் வேலை நின்றது எங்களுக்கு நட்டமாகத் தோன்றவில்லை, ஏனெனில் சுவர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. பணத்தையும் அப்படியே பிரித்து வையுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குடிபோன பிறகு செலவழிப்பதற்கென்று தொடாமல் வைத்திருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. வதிவிட விசாவைப் புதுப்பிக்கப் பத்தரமுல்லைக் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்வரும் நாட்களையும் வேலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாத நாளில்தான் யாராவது இடைவெளியை அடைப்பார்கள்.

உங்கள் மாமியார் மரவீட்டை விரும்பவில்லை என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை நான் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மாமியார் பிறந்ததும் ஏழு பிள்ளைகளை வளர்த்ததும் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டின் ஓரறையில். அது ஒருநாளும் அவருடையதாக இருந்ததில்லை. மகன் சொந்தக் காணியில் மரத்தை அடுக்குவதைப் பார்த்து, “லயத்துக்குப் பின்னால ஆட்டுப்பட்டி இப்படித்தான் இருக்கும். இதுக்கா இத்தனை காலம் காத்துக் கெடந்தோம்?” என்று கேட்டார். நாங்கள் வாதாடவில்லை. அவர் சொன்னபடியே விறகடுப்போடு ஒரு கல் சமையலறையைத் தனியாகக் கட்டி, அதன் கூரை மரச்சுவரைத் தொடாதபடி தகரத்தை நழுவும் விதத்தில் மடித்து இணைத்தோம். விருந்தாளிகள் மரச்சுவரைப் படம் எடுத்துக்கொள்வார்கள். மாலையானால் வீட்டார் அனைவரும் இருப்பது அந்த அடுப்பங்கரையில்தான். உங்கள் மாமியாரிடம் எந்த அறை கல்லால் வேண்டும் என்று கேளுங்கள், வரைபடம் போடுவதற்கு முன்னாலேயே.

மாடிப்படிக்கு நாங்கள் இன்னும் கைப்பிடி போடவில்லை. அதற்கான சைப்பிரஸ் சட்டங்கள் இஸ்தோப்பின் அடியில் இரண்டாவது மழைக்காலமாகக் காய்ந்துகொண்டிருக்கின்றன. அதுவரை ஒரு தும்புக் கயிற்றைப் பிடித்து ஏறி இறங்குகிறோம். மழை சற்று விட்டதும் கணவரை அழைத்துக்கொண்டு வாருங்கள். ஜாக்கியைக் கால் சுற்று திருகுவது எப்படி என்று அவர் கையாலேயே பார்க்கட்டும். முடிந்தால் உங்கள் பாஸையும் கூட்டி வாருங்கள்.