மோசே புறப்பட்ட ஆண்டு எது?

கேள்வி: மோசே இஸ்ரவேலரை எகிப்திலிருந்து கூட்டிவந்தது எந்த ஆண்டு? ஞாயிறு பாடசாலையில் ஒரு பொடியன் கேட்டான்; எனக்குப் பதில் வரவில்லை.
— வாசகி, கல்லடி

பதில்: கெட்டிக்காரப் பொடியன்தான், பிள்ளை! வேதாகமத்துக்குள்ளேயே இரண்டு கணக்கு இருக்கிறது. எகிப்தைவிட்டு வந்த 480ஆம் வருடத்தில் சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கினான் என்கிறது 1 இராஜாக்கள் 6:1. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் கி.மு. 1446 அளவில் நிற்கும். இஸ்ரவேலர் கட்டியதாக யாத்திராகமம் 1:11 சொல்லும் ராமசேஸ் பட்டணமோ, எகிப்திய அரசன் இரண்டாம் ராமசேஸின் பெயரைக் கொண்டது; அது கி.மு. 13ஆம் நூற்றாண்டுக்கு இழுக்கும். 480 என்பது பன்னிரண்டு நாற்பது. எனக்கு அது தலைமுறைக்கு நாற்பது வருடமாகப் பன்னிரண்டு தலைமுறைக் கணக்காகத்தான் படுகிறது.

ஆண்கள் மட்டும் ஆறு இலட்சம் பேர் நடந்தார்களாம். 2012 குடிசன மதிப்பீட்டில் நம் மட்டக்களப்பு மாவட்டம் முழுவதுமே 5 இலட்சத்து 26 ஆயிரம் சொச்சம்தான். அவ்வளவு சனம் சீனாய் வனாந்தரத்தைக் கடந்ததற்குத் தடயம் அகப்படவில்லை.

கையில் பிடிக்கக்கூடிய சான்று ஒரு கல். எகிப்திய அரசன் மெர்னெப்தா கி.மு. 1208 அளவில் வெட்டுவித்தது. 1896இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தின் தீப்ஸ் நகரில் கண்டெடுத்தார். தான் தோற்கடித்தவர்களின் வரிசையில், கானான் (இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதி) ஊர்ப் பெயர்களோடு ‘இஸ்ரவேல்’ என்றும் அந்த அரசன் சொல்கிறான். பக்கத்துப் பெயர்களுக்கு எகிப்திய எழுத்தில் நாட்டைக் குறிக்கும் அடையாளம். இதற்கு மட்டும் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருக்கும் உரு, அதாவது ஒரு மக்கள் கூட்டம். ஆக, அப்போது அவர்கள் கானானில் இருந்தார்கள்.

இஸ்ரவேலர் கானானுக்குள் நுழைந்தபோது இடிந்து விழுந்ததாக வேதாகமம் சொல்லும் எரிகோ மதில்? 1950களில் அங்கே தோண்டிய தொல்லியலாளர் கத்லீன் கென்யன், அந்த நகரம் கி.மு. 1550 அளவிலேயே அழிந்தது என்றார். இரண்டு கணக்குக்கும் முந்தியது.

கி.மு. 1200க்குப் பிறகு கானான் மலைப்பகுதியில் சின்னச்சின்னக் கிராமங்கள் முளைக்கின்றன. அவற்றின் பானை சட்டிகள் கானானியர் வழக்கத்தையே ஒட்டியவை. அதனால் இஸ்ரவேலரில் பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே உருவானவர்கள் என்பது இன்று பல ஆய்வாளர்களின் கருத்து. எகிப்திலிருந்து தப்பிவந்த சிறு கூட்டமொன்று தன் கதையோடு அவர்களிடம் சேர்ந்திருக்கலாம் என்பாரும் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான்.