புரிகிறது, பேசுகிறார், திருப்பிச் சொல்ல மட்டும் வரவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கை, கால் தேறிவிட்டன. நாங்கள் சொல்வது புரிகிறது, சரளமாகப் பேசுகிறார், இடையிடையே எழுத்துகள் மட்டும் மாறும். ஆனால் ‘நான் சொல்றதை அப்படியே சொல்லுங்கப்பா’ என்றால் திணறுகிறார், கோபித்து எழுந்துவிடுகிறார். பிடிவாதமா, டாக்டர்?

பதில்: பிடிவாதம் இல்லையம்மா. தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள்.

காதில் விழுந்த சொல் மூளையில் இரண்டு வழியாகப் போகிறது. கீழ்வழி பொருளைப் பிடிக்கிறது. மேல்வழி ஒலியை அப்படியே ஏந்திப்போய், வாயை அசைக்கும் பகுதியிடம் கொடுக்கிறது. பெரும்பாலோருக்கு இது இடது மூளையில், காதுக்குச் சற்று மேலே வில்போல் வளைந்து செல்லும் நரம்புக்கற்றை. இப்படியொரு இணைப்பு அறுபட்டால் புரிதலும் கெடாது, சரளமான பேச்சும் கெடாது, ஆனால் பேச்சில் சொற்கள் மாறிவரும் என்று 1874-லேயே கணித்தவர் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே. அப்போது அவருக்கு வயது 26! திருப்பிச் சொல்வதும் கெடும் என்பதைப் பிறகு வந்தவர்கள் சேர்த்தார்கள். கற்றை மட்டுமல்ல, கேட்ட ஒலியைச் சில நொடி பிடித்துவைக்கும் அதன் பக்கத்துப் பகுதி சேதமானாலும் இப்படி ஆகும் என்பது பின்னால் தெரிந்தது. இதைக் கண்டக்‌ஷன் அஃபேசியா என்கிறோம். நீங்கள் எழுதியது அதற்குப் பொருந்துகிறது. நேரில் சோதித்துத்தான் உறுதிசெய்ய முடியும்.

ஒன்றைக் கவனியுங்கள். ‘மழை வரும்போல இருக்கு’ என்று சொல்லச் சொன்னால், ‘மேகம் கறுத்திருக்கு’ என்பாரா? அப்படியென்றால் ஒலி நழுவினாலும் பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘பாழை... வாளைப்ப... வாழைப்பழம்’ என்று தட்டித்தடவி வருகிறாரா? தன் தவறு தன் காதுக்கே கேட்கிறது, அதனால்தான் திருத்துகிறார். அந்தக் கோபமும் அதனால்தான். நேர்மாறாக, சொன்னதைக் கிளிபோல் திருப்பிச் சொல்லியும் பொருள் புரியாதவர்களும் உண்டு. அங்கே மேல்வழி தப்பித்திருக்கும்.

பேச்சுப் பயிற்சியாளரிடம் விடாமல் அழைத்துப் போங்கள். சின்னச் சொல்லில் தொடங்கிப் படிப்படியாகத் திருப்பிச் சொல்லவைப்பது அவர் வேலை. வீட்டில் அந்தப் பரீட்சை வேண்டாம். ‘காபியா, மோராப்பா?’ என்று கேளுங்கள், பேச்சு தானாக வரட்டும். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். பேச்சு திடீரென்று மோசமானாலோ வாய் கோணினாலோ உடனே 108.

இன்னொன்று, அவர் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று தடவை முயன்றால் பல சமயம் அவரே பிடித்துவிடுவார்.