பென்ஷனுக்குள் இண்டெக்ஸ் ஃபண்ட் வைக்க முடியுமா?

கேள்வி: வயது 38, கோவையில் தனியார் வேலை. ஓய்வுக்காலத்துக்காக நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டி பட்டியலில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்ட்) குறைந்த செலவில் சேமிக்க நினைக்கிறேன். வங்கியிலோ ஆண்டுக்கு 1 லட்சம் கட்டும் ‘பென்ஷன் பிளான்’ எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அது காப்பீட்டு பாலிசி. விற்றால் வங்கிக்குக் கமிஷன், கவுன்ட்டரில் இருப்பவருக்கு டார்கெட். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிவிடலாம். ‘மேனேஜர் லீவு, திங்கட்கிழமை வாங்க’ என்று இழுப்பார்கள். காத்திருக்காமல் காப்பீட்டு நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

உங்களுக்குத் தோதானது என்பிஎஸ், அதாவது தேசிய ஓய்வூதியத் திட்டம். அதில் நிஃப்டி ஃபண்ட் என்று தனியாகத் தேர்வு செய்ய முடியாது. 2009-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டபோது பங்குப் பிரிவு இண்டெக்ஸைத்தான் பின்பற்றியது. நன்றாக இருந்ததை ஏன் மாற்றினார்களோ! சரி, இப்போதும் ‘ஈ’ எனப்படும் அந்தப் பங்குப் பிரிவில் பெரும்பாலும் பெரிய நிறுவனப் பங்குகள்தான். நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்க்குச் சுமார் 10 பைசா. 10 லட்சம் சேர்ந்திருந்தால் 1,000 ரூபாய். ஒன்றரை சதவீதம் பிடிக்கும் மியூச்சுவல் ஃபண்ட் ஓய்வூதியத் திட்டத்தில் அதுவே 15,000, அதுவும் ஆண்டுதோறும். எந்தப் பிரிவில் எவ்வளவு என்று நீங்களே முடிவு செய்யும் ‘ஆக்டிவ் சாய்ஸ்’ எடுத்து ‘ஈ’-யில் 75% வையுங்கள். 100% பங்கு என்று 2025 அக்டோபரில் வந்த புதுத் திட்டங்களில் கட்டணம் 0.30% வரை போகலாம்.

வங்கி வழியாகத் தவணை கட்டினால் ஒவ்வொரு முறையும் அரை சதவீதம் வரை போகும். ‘டி-ரெமிட்’ வழியில் உங்கள் கணக்கிலிருந்து நேராக அனுப்பினால் செலவு அதைவிடக் குறைவு. ஒருமுறை பதிவு செய்தால் போதும், அந்த இணையதளத்தோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும்.

வரி விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். புதிய வரிமுறையில் நீங்களே போடும் பணத்துக்கு வரிச்சலுகை கிடையாது. நிறுவனம் உங்களுக்காகப் போட்டால் மட்டும் உண்டு: அடிப்படைச் சம்பளம், டிஏ இரண்டும் சேர்ந்ததில் 14% வரை. இதற்காகச் சம்பளம் உயர வேண்டியதில்லை. இருக்கும் சம்பளத்தையே பிரித்து அந்தப் பகுதியை என்பிஎஸ்ஸில் போடச் சொல்லலாம். எச்ஆர் ‘நம்ம கம்பெனியில் இல்லை’ என்பார். எழுத்தில் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

நிறுவனம் மறுத்தாலோ, அசல் நிஃப்டிதான் வேண்டும் என்றாலோ, என்பிஎஸ்ஸுக்கு வெளியே இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்குங்கள். ஸ்டேட்மென்ட்டில் ஃபண்ட் பெயருக்குப் பக்கத்தில் ‘டைரக்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘ரெகுலர்’ என்றிருந்தால் நடுவில் ஒருவருக்குக் கமிஷன் போய்க்கொண்டிருக்கிறது.